வட சஸ்காச்சுவான் ஏரியில பெரிய நார்தர்ன் பைக் மீனை ஃப்ளை போட்டுப் பிடிக்க முழு வழிகாட்டி

தமிழ்ல பைக்னு எழுதினாலே மோட்டார் பைக் தான் ஞாபகம் வரும், நான் சொல்றது நார்தர்ன் பைக்ங்கிற மீனை. சஸ்காச்சுவான், மானிடோபா பக்கம் ஊர்க்காரங்க இதை ஜாக்ஃபிஷ்னு சொல்வாங்க, சுருக்கமா ஜாக், அதனால நானும் கீழ ஜாக்னே எழுதறேன். சாஸ்கடூன்ல இருக்கிறதால ஜூன் மாசம் ஆனா வடக்க போற பழக்கம் எனக்கு வந்துடுச்சு, ரோடு போகாத ஏரியில லாட்ஜ்ல தங்கி ஃப்ளை ராட்ல மட்டும் இந்த மீனைத் தேடுறது (ஃப்ளைன்னா முடி, நார் எல்லாம் ஹூக்ல கட்டிச் செஞ்ச போலி இரை, ராட்னா அதை எறியற தூண்டில் கோல்). கனடாவுல இத்தனை தமிழ் ஆளுங்க இருக்கோம், வீக்கெண்ட் ஆனா தூண்டில் தூக்கிட்டுப் போறவங்களும் நிறைய, ஆனா இந்த மாதிரி ட்ரிப் எப்படிப் போறதுன்னு தமிழ்ல முழுசா எழுதி வச்சது என் கண்ணுல படல, அதான் உட்கார்ந்து எழுதிட்டேன்.

எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி எந்த ராட், எந்த ஃப்ளை. என் அனுபவத்துல அது ரெண்டாவது கேள்வி தான். இந்த ட்ரிப்புல உங்க கையில இருக்க வேண்டிய முக்கியமான சாமான் ஒரு தெர்மாமீட்டர், ஏன்னு கீழ வரும்.

மீனைப் பத்தி கொஞ்சம்

ஜாக் துரத்திப் பிடிக்கிற மீன் இல்ல, ஒளிஞ்சிருந்து பாயுற மீன். நம்ம ஊர் விராலைத் தூண்டில்ல பிடிச்சவங்களுக்கு உடனே புரியும், செடிக்குள்ள அசையாம நிக்கும், பக்கத்துல ஏதாவது போச்சுன்னா ஒரே பாய்ச்சல். அதோட முதுகுத் துடுப்பு முதுகு நடுவுல இருக்காது, வாலுக்குப் பக்கத்துல பின்னாடி தள்ளி இருக்கும், அதுக்கு நேர் கீழ வயித்துப் பக்கம் இன்னொண்ணு, மூணும் சேர்ந்து ஒரு துடுப்பு மாதிரி தண்ணியை உதைக்கும், அதுல தான் அந்த வேகம். வாய் வாத்து அலகு மாதிரி தட்டையா நீளமா இருக்கும், உள்ள நூத்துக்கணக்கான பல்லு, மேலண்ணத்துல கூட, எல்லாம் உள்பக்கமா சாஞ்சது. உள்ள போனது வெளிய வராது, உங்க நைலான் நரம்பும் அப்படித்தான்.

டிராஃபின்னு சொல்ல வடக்குல ஒரு கணக்கு இருக்கு, 40 இன்ச், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல. அந்த சைஸ்ல வர்றது கிட்டத்தட்ட எல்லாமே பொம்பளை மீன் தான். வருஷத்துல பாதிக்கு மேல ஐஸ் மூடின ஏரியில வளர்றதால ரொம்ப மெதுவா தான் வளரும், ஒரு 40 இன்ச் ஜாக் பதினஞ்சு இருபது வயசுக் கிழவியா இருக்கலாம். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அப்புறம் மீனை எப்படிக் கையாளணும்னு நான் இவ்வளவு வலியுறுத்தறதுக்குக் காரணம் இந்த வயசு தான். உலக ரெக்கார்ட் 1986ல ஜெர்மனியில பிடிச்ச 55 பவுண்டு 1 அவுன்ஸ் மீன், அது வேற ரகம், அந்த சைஸை மனசுல வச்சுக்கிட்டு கனடா வடக்குக்குப் போகாதீங்க.

எப்போ போகணும்

வட சஸ்காச்சுவான்ல சீசன் மே 25 வாக்குல திறக்கும் (போறதுக்கு முன்னாடி அந்த வருஷ ரூல் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துக்கோங்க), ஆனா பெரிய ஏரிகள்ல ஐஸ் முழுசா போக ஜூன் முதல் ரெண்டு வாரம் கூட ஆகும். ஐஸ் உடைஞ்ச கையோட ஜாக் ஆழமில்லாத குடாக்களுக்குள்ள வந்து போன வருஷத்துச் செத்த நாணல், புல்லு மேல முட்டை போடும், முட்டை போட்ட பிறகும் அங்கயே கிடக்கும். காரணம் சூடு. நடு ஏரி அப்போ 4, 5 டிகிரியில இருக்கும்போது, ரெண்டு மூணு அடி ஆழம் இருக்கிற குடா வெயில்ல 12, 14 டிகிரி வரைக்கும் போயிடும். சாப்பிட்டது செரிக்கறதுக்கு அதுக்கு அந்தச் சூடு வேணும், சின்ன மீனும் அங்க தான் வரும்.

ஃப்ளை பிடிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது, ஏன்னா வருஷம் பூரா ஆழத்துல இருக்கிற பெரிய மீன் இந்த மூணு வாரம் உங்க முழங்கால் ஆழத் தண்ணியில, கண்ணுக்குத் தெரியற மாதிரி கிடக்கும். ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பெருசுங்க கொஞ்சம் ஆழத்துக்கு, கேபேஜ்னு சொல்ற அகல இலை நீர்ச்செடி ஓரத்துக்குப் போயிடும், அப்பவும் பிடிக்கலாம், ஆனா மூழ்கற லைன் வேணும், பார்த்து எறியற சுகம் குறைஞ்சிடும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல மீன் நல்லா கொழுத்து இருக்கும், காத்தும் குளிரும் அதிகம். என்னைக் கேட்டா ஜூன் ரெண்டாவது மூணாவது வாரம். ரொம்ப சீக்கிரம் புக் பண்ணிட்டா ஐஸ் போகாம லாட்ஜுக்கே போக முடியாம ஆகற ரிஸ்க் இருக்கு, அந்த மாதிரி ஆனா பணம் என்னாகும்னு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

எந்த ஏரி, லாட்ஜ்கிட்ட என்ன கேக்கணும்

பேர் வாங்கின ஏரிங்க நிறைய இருக்கு. சஸ்காச்சுவான்ல வோலஸ்டன், ரெயின்டீர், அதபாஸ்கா, மானிடோபா-நூனவுட் எல்லையில நூயெல்டின். வோலஸ்டன் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அந்த ஏரியே ஒரு அதிசயம், தண்ணி ரெண்டு பக்கமும் வடியும், ஒரு பக்கம் ஃபான்ட் டு லாக் ஆறு வழியா மெக்கன்சிக்கு, இன்னொரு பக்கம் காக்ரன் ஆறு வழியா ஹட்சன் பே பக்கம். கரை எல்லாம் பிச்சுப் பிச்சுப் போட்ட மாதிரி குடாவும் தீவுமா இருக்கும், ஜாக்குக்கு அது தான் வேணும். ஏரிக்கரையில ஹாட்செட் லேக் டெனே மக்களோட ஊர் இருக்கு, இந்தப் பக்கத்து லாட்ஜுகள்ல கைடா வர்றவங்க நிறைய பேர் டெனே, க்ரீ மக்கள், அந்தத் தண்ணியிலயே பொறந்து வளர்ந்தவங்க. அவங்க ஒரு குடாவைப் பார்த்து இன்னிக்கு வேணாம்னு சொன்னா வேணாம், ஏன்னு மட்டும் கேளுங்க, அந்தப் பதில்ல தான் நீங்க கத்துக்கறது இருக்கு.

ஃப்ளை-இன் லாட்ஜ் பேக்கேஜ் பல ஆயிரம் கனடா டாலர் ஆகற விஷயம், அதனால ஃபோன்ல கூச்சப்படாம கேளுங்க. பெரிய மீனை எல்லாம் விட்டுடறது அவங்க ரூலா? ஒரு போட்ல எத்தனை பேர்? (ஃப்ளைக்கு ரெண்டு பேர் தான் அதிகபட்சம், மூணு பேர் ஆனா ஒருத்தர் காதுல ஹூக் மாட்டும்.) கைடுக்கு ஃப்ளை ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பழக்கம் உண்டா, மோட்டாரை நிறுத்திட்டு துடுப்புல மெதுவா நகர்த்துவாரா? அந்த ஏரியில எத்தனை போட் ஓடுது? பிளேன்ல எத்தனை பவுண்டு லக்கேஜ்? இந்தக் கடைசிக் கேள்வியைச் சாதாரணமா நினைக்காதீங்க, நீங்க போறது டிஹாவிலன்ட் பீவர், ஓட்டர் மாதிரி தண்ணியில இறங்கற சின்ன பிளேனா இருக்கலாம், அங்க ஒவ்வொரு பையையும் எடை போட்டுத் தான் ஏத்துவாங்க. லைசென்ஸ் ஆன்லைன்ல வாங்கிடலாம், மானிடோபாவுல பார்ப் (ஹூக் முனைக்குப் பக்கத்துல இருக்கிற எதிர்முள்) இல்லாத ஹூக் தான் சட்டப்படி போடணும், சஸ்காச்சுவான்ல உங்க ஏரிக்கு என்ன ரூல்னு புத்தகத்துல பார்த்துக்கோங்க.

ராட், லைன், கம்பி

9 அடி நீளம், 9 வெயிட் ராட் (வெயிட்னா எவ்வளவு கனமான லைனுக்கு அந்த ராட்னு சொல்ற நம்பர்). 8 ஓடும், 10ம் ஓடும், ஆனா கையகல ஃப்ளையை நாள் பூரா காத்துல எறிய 9 தான் எனக்கு சரியா வருது. ரெண்டு ராட் கொண்டு போங்க, ஒண்ணு உடைஞ்சா அங்க கடை கிடையாது. ஒண்ணுல மிதக்கற லைன், தலைப் பக்கம் குட்டையா கனமா இருக்கிற டேப்பர், பைக் இல்லன்னா மஸ்கின்னு (பைக்கோட சொந்தக்கார மீன்) பேர் போட்டு விப்பாங்க. இன்னொண்ணுல மெதுவா மூழ்கற இன்டர்மீடியட் லைன். ஜூன்ல பத்துக்கு எட்டு தடவை மிதக்கற லைன் தான் கையில இருக்கும். ரீல் பெருசா காஸ்ட்லியா வேணும்னு அவசியமே இல்ல, ஜாக் நூறு கஜம் ஓடற மீன் இல்ல, ட்ராக் (ரீலோட பிரேக்) வழுக்காம இருந்தா போதும், அந்தக் காசை லைன்ல போடுங்க.

லீடர், அதாவது லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவுல கட்டற துண்டு, ரொம்ப சிம்பிள். 30 பவுண்டு மோனோ (ஒத்தை இழை நைலான் நரம்பு) நாலஞ்சு அடி, அதோட முனையில ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல கம்பி. மூழ்கற லைன்னா லீடர் மூணு அடி போதும், நீளமா விட்டா லைன் கீழ போகும், ஃப்ளை மேலயே நிக்கும். கம்பி விஷயத்துல சமரசமே வேணாம். கம்பிக்குப் பதிலா ஃப்ளூரோகார்பன்ங்கிற தடியான பிளாஸ்டிக் நரம்பு போட்டாலே போதும்னு சொல்றவங்க இருக்காங்க, நானும் முதல் வருஷம் நம்பினேன், ரெண்டாவது நாள் காலையில ஒரு நல்ல மீன் அடிச்சு ரெண்டு தலையாட்டுல லைன் லேசாயிடுச்சு, இழுத்துப் பார்த்தா பிளேடு வச்சு வெட்டின மாதிரி முனை. போனது என் ஃப்ளை மட்டும்னா பரவாயில்ல, அந்த மீன் வாயில ஒரு பெரிய ஹூக்கோட திரியுதேன்னு அன்னிக்கு பூரா மனசு சரியில்ல. முடிச்சுப் போட வர்ற மாதிரி நைலான் பூசின பல இழை ஸ்டீல் கம்பியும், டைட்டானியம் கம்பியும் கிடைக்குது, 30 பவுண்டு எடுத்துக்கோங்க. மோனோவையும் கம்பியையும் சேர்க்க ஆல்பிரைட் முடிச்சு, ஃப்ளை கட்டற முனையில ஒரு சின்ன ஸ்னாப் வச்சா விரல் விறைச்சுப் போன குளிர்ல ஃப்ளை மாத்தறது ஒரு நிமிஷ வேலை.

ஃப்ளை

அஞ்சு இன்ச்ல இருந்து எட்டு இன்ச், ஹூக் சைஸ் 2/0ல இருந்து 4/0. டிசீவர், பெரிய க்ளவுசர், முயல் தோல் பட்டையில கட்டின பன்னி லீச், டால்பெர்க் டைவர், இந்த நாலு ரகம் இருந்தா நீங்க ஒரு வாரம் ஓட்டிடலாம். பன்னி லீச் தண்ணியில உயிரோட இருக்கிற மாதிரி நெளியும், அசைக்காம விட்டாலும் நெளியும், குளிர்ந்த தண்ணியில சோம்பேறியா கிடக்கிற மீனுக்கு அதைவிட நல்லது இல்ல, ஆனா முயல் தோல் தண்ணியைக் குடிச்சு ஈரத்துணி மாதிரி கனத்துடும், எறியறதுக்குத் தோள் வலிக்கும். மான் வால் முடி, சிந்தெட்டிக் நார்ல கட்டினது தண்ணியை உதறிடும், தூரம் போகும். டைவரோட தலை மான் முடியை அமுக்கி வெட்டிச் செஞ்சது, இழுத்தா முங்கும், விட்டா மேல வரும், அமைதியான சாயங்காலம் அதை ஒரு மீன் மேல வந்து அடிக்கிறதைப் பார்த்தா அப்புறம் நீங்க வேற எதையும் கட்ட மாட்டீங்க.

கலர் பத்தி ஒவ்வொருத்தருக்கு ஒரு நம்பிக்கை. வெள்ளை, சார்ட்ரூஸ் (மஞ்சள் கலந்த பச்சை), சிவப்பு-வெள்ளை, கருப்பு இருந்தா போதும். மேகமா இருந்தா கருப்புக்கு நான் போவேன், தண்ணிக்கு மேல பார்க்கிற மீனுக்கு அந்த நிழல் தெளிவாத் தெரியும். எண்ணிக்கை தான் முக்கியம், அஞ்சு நாளுக்கு இருபது இருபத்தஞ்சு ஃப்ளை வேணும், ஒரு ஃப்ளை பத்து மீன் கடிச்சா நாராயிடும். எல்லா ஹூக்லயும் பார்பை ப்ளையரால அமுக்கிடுங்க, அப்புறம் ஒரு பருத்தித் துணியில குத்தி எடுத்துப் பாருங்க, இழை மாட்டினா இன்னும் சரியா அமுங்கலன்னு அர்த்தம்.

போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் வீட்டுல

இதைத் தான் நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க. தூரம் எறியறது பெரிய விஷயமே இல்ல, 45, 50 அடி போதும், ஆனா அது ஈரமான பெரிய ஃப்ளையோட, காத்துல, ஆடற போட்ல நின்னுக்கிட்டு, ரெண்டே பின்வீச்சுல போகணும். பார்க்ல புல்லு மேல ஹூக் வெட்டின ஃப்ளை கட்டிப் பழகுங்க. காத்து வலது பக்கம் இருந்து அடிச்சா ஃப்ளை உங்க மண்டைக்கு வரும், அதனால இடது தோள் மேல எறியப் பழகணும். கண்ணாடி இல்லாம ஒரு தடவை கூட எறியாதீங்க, பார்க்லயும் சரி.

அடுத்தது ஸ்ட்ரிப் செட். ட்ரவுட் பிடிச்சுப் பழகின கை மீன் அடிச்சதும் ராட்டை மேல தூக்கும், ஜாக் வாய் எலும்பும் பல்லுமா இருக்கிறதால அந்த வளையற ராட் முனையால ஹூக்கை உள்ள ஏத்த முடியாது, ஃப்ளை வாயில இருந்து வழுக்கி வந்துடும். ராட் முனை மீனைப் பார்த்துக் கீழயே இருக்கணும், லைன் பிடிச்ச இடது கையால நேரா பின்னாடி ஓங்கி இழுக்கணும், ரெண்டு தடவை. வீட்டுல ஒருத்தரை லைன் முனையைப் பிடிச்சு திடீர்னு இழுக்கச் சொல்லி, கையால மட்டும் பதில் இழுப்பு கொடுத்துப் பழகுங்க, என் பையன் தான் எனக்கு ஒரு மாசம் ஜாக்கா இருந்தான். மூளைக்குத் தெரிஞ்சா பத்தாது, கைக்குத் தெரியணும்.

என்ன எடுத்துட்டுப் போகணும்

ஜூன்ல காலையில 3 டிகிரி, மதியம் 22 டிகிரி, நடுவுல ஒரு ஐஸ் மழை, எல்லாம் ஒரே நாள்ல நடக்கும். கம்பளி உள்ளாடை, ஃப்ளீஸ், நல்ல மழைக்கோட்டு பேன்ட்டோட. போலரைஸ்ட் கண்ணாடி ரெண்டு, வெயிலுக்கு பழுப்பு, மேகத்துக்கு மஞ்சள். 11 இன்ச் நீள மூக்கு ப்ளையர், தாடை விரிக்கிற ஸ்ப்ரெடர், ஹூக் வெட்டற கட்டர் மூணும் கட்டாயம், ஆனா விமானத்துல கைப்பையில வைக்காம செக்-இன் பையில போடுங்க. லைஃப் ஜாக்கெட் லாட்ஜ் கொடுக்கும், போட் ஓடும்போதாவது மாட்டுங்க, 5 டிகிரி தண்ணியில விழுந்தா சில நிமிஷத்துலயே விரல் மடங்காது, போட் விளிம்பைப் பிடிக்க முடியாது.

கொசுவும் கருப்பு ஈயும் ஜூன் நடுவுல இருந்து ஆரம்பிக்கும், வலை போட்ட ஜாக்கெட் ஒண்ணு வாங்கிடுங்க. டீட் கலந்த மருந்து தடவினா உள்ளங்கையை மணல் போட்டுக் கழுவிட்டு தான் லைனைத் தொடணும், அது ஃப்ளை லைன் மேல இருக்கிற பிளாஸ்டிக்கைக் கரைச்சுடும், என் புது லைன் ஒண்ணு ஒரே வாரத்துல ஒட்டிக்கிட்டு வெடிச்சுப் போனது அதால தான். விரலுக்கு ஒரு துணி உறை, ஏன்னா நாள் பூரா லைன் இழுத்து ஆள்காட்டி விரல் அறுபட்டுடும்.

தண்ணியில: முதல்ல சூட்டைத் தேடுங்க

இப்ப தெர்மாமீட்டருக்கு வர்றேன். ஒரு நூல்ல கட்டின சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். போன ஜூன்ல ஒரு காலை, நடு ஏரியில விட்டுப் பார்த்தா 6 டிகிரி, வடக்குக் கரையில ஒரு குடா வாசல்ல 8, உள்ள போகப் போக 10, கடைசியில ஒரு சின்ன ஓடை வந்து விழற மூலையில, கருப்புச் சேறு, போன வருஷத்து நாணல், ஆழம் என் இடுப்புக்குக் கீழ, அங்க 14. வாசல்ல இருந்து நடு வரைக்கும் ஒரு மணி நேரம் எறிஞ்சு ஒண்ணும் வரல, அந்த மூலையில மட்டும் பதினோரு ஜாக் வந்துச்சு.

ஏன் வடக்குக் கரைன்னா, தெற்குப் பக்கமா சாஞ்சு வர்ற வெயில் நாள் பூரா அங்க படும், குளிர்ந்த வடக்குக் காத்துல இருந்து கரை மறைக்கும். கருப்புச் சேறு வெயிலை இழுத்து வச்சுக்கும், வெள்ளை மணல் அப்படி இல்ல. ரெண்டு நாள் தொடர்ந்து தெற்குக் காத்து அடிச்சா மேல இருக்கிற சூடான தண்ணியை எல்லாம் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் குடாவுல குவிச்சிடும், அப்போ போங்க. காத்து திரும்பிட்டா அதே குடா ராத்திரியோட காலியாகலாம். இதனால காலையில அவசரப்பட்டு ஓடவும் தேவையில்ல, ஜூன்ல நல்ல நேரம் பதினோரு மணிக்கு மேல, தண்ணி சூடு ஏறின பிறகு. அவ்வளவு வடக்குல பதினெட்டு மணி நேரம் வெளிச்சம் இருக்கும், அவசரம் எதுக்கு.

குடா வாசல்ல மோட்டாரை அணைச்சிடுங்க. அப்புறம் துடுப்பு தான், டப்பா விழற சத்தம், அலுமினிய போட்ல பூட்ஸ் இடிக்கிற சத்தம் எல்லாம் மீனுக்குப் போகும். எழுந்து நின்னு தண்ணிக்கு அடியில பாருங்க, மேல்பரப்பைப் பார்க்காதீங்க. முதல்ல எல்லாம் மரக்கட்டையாத் தான் தெரியும், கொஞ்ச நேரம் பார்த்தா ஒரு கட்டைக்கு செவுள் அசையும். தலைக்கு மேல ஃப்ளையைப் போட்டா பயந்து சேத்தைக் கிளப்பிட்டு ஓடிடும், அஞ்சாறு அடி தாண்டிப் போட்டு, அது முகத்துக்கு முன்னாடி குறுக்கா வர்ற மாதிரி இழுத்துக் கொண்டு வாங்க. ஒரு அடி இழுப்பு, நிறுத்து, ரெண்டு சின்ன இழுப்பு, நிறுத்து. மீன் அடிக்கிறதுல பாதி அந்த நிறுத்தத்துல தான் நடக்கும். தண்ணி 10 டிகிரிக்குக் கீழன்னா இன்னும் மெதுவா, நிறுத்தம் மூணு செகண்ட் வரைக்கும்.

எதிர்ல வர்ற மீனைப் பார்த்தவுடனே கை இழுப்பை நிறுத்தும், பயத்துல. நிறுத்தாதீங்க, கொஞ்சம் வேகம் கூட்டுங்க, ஓடுற இரை தான் அதுக்கு வேணும்.

பின்னாடியே வந்துட்டு கடிக்காத மீன்

ஜாக் போட் வரைக்கும் பின்னாடியே வரும், மூக்கு ஃப்ளைக்கு ஒரு சாண் தூரத்துல. இங்க தான் நிறைய பெரிய மீன் கை நழுவிப் போகும், ஏன்னா நாம அதைப் பார்க்காமலே அடுத்த வீச்சுக்கு ஃப்ளையைத் தூக்கிடுவோம். ஒவ்வொரு தடவையும், மீன் தெரிஞ்சாலும் தெரியலன்னாலும், கடைசியில ராட் முனையைத் தண்ணிக்குள்ள விட்டு எட்டு எழுதுங்க, அகலமா, வளைவுல வேகமா, ராட் ஒரு அடி முங்கணும்.

ஒரு சாயங்காலம் நான் தூக்கப் போன நேரத்துல பின்னாடி இருந்த கைடு, டெனே பெரியவர், சத்தம் போடாம என் தோள்ல கை வச்சார். கீழ பார்த்தேன், முதல்ல ஒரு வெளிறின கோடு, அப்புறம் கண்ணு, அப்புறம் அந்தப் பச்சை உடம்புல வரிசையா வெள்ளைப் புள்ளி, என் கை நீளத்துக்கு மேல போய்க்கிட்டே இருந்துச்சு. முதல் எட்டுல கூடவே திரும்பினது, ரெண்டாவது எட்டுல வளைவுல கொஞ்சம் பின்தங்கிச்சு, ஃப்ளையை ஒரு நொடி மேல ஏத்தி நிறுத்தினேன், வாய் திறந்து வெள்ளையா ஒரு ஓட்டை தெரிஞ்சது, ஃப்ளை காணாமப் போச்சு. ராட்ல இருந்து வெளிய லைன் அஞ்சடி கூட இல்ல. அந்த நேரத்துல ராட்டை மேல தூக்காம பக்கவாட்டுல பின்னாடி இழுக்கணும், ட்ராக் லேசா இருக்கணும், இல்லன்னா ராட் உடையும். டேப்ல 43 இன்ச் காமிச்சுது.

மீன் மாட்டின பிறகு

முதல் ஓட்டம் குட்டையாத் தான் இருக்கும், ஆனா முழு பலத்தோட. காலடியில கிடக்கிற லைன்ல பூட்ஸ் கயிறு மாட்டாமப் பார்த்துக்கோங்க, தளர்ந்த லைன் எல்லாம் ரீலுக்குப் போனதும் தான் நிம்மதி. ராட்டைக் கீழ வச்சுப் பக்கவாட்டுல அழுத்தம் கொடுங்க, அது இடது போனா நீங்க வலது. போட் பக்கத்துல வந்ததும் களைச்சிடுச்சுன்னு நம்பாதீங்க, போட்டைப் பார்த்ததும் தான் அதோட உண்மையான பாய்ச்சல் வரும், அடியில போனா ராட் முனையைத் தண்ணிக்குள்ள முக்கி கூடவே சுத்தி வாங்க. சீக்கிரம் முடிங்க, ரொம்ப நேரம் விளையாட விட்டா அதுக்குத் தான் ஆபத்து.

வலை ரப்பர் பூசினதா இருக்கணும், நூல் வலை அதோட வழவழப்பையும் துடுப்பையும் கிழிச்சிடும். மீன் வலையில, வலை தண்ணியில, இப்படியே ஹூக்கை எடுங்க. செவுள் மூடிக்கு அடியில, சிவப்பா இருக்கிற செவுள் இழைல படாம, தாடையோரமா விரலை விட்டுப் பிடிச்சா வாய் தானா திறக்கும், ஆழமா மாட்டியிருந்தா ஸ்ப்ரெடர் வச்சு நீளப் ப்ளையர். வரலன்னா பிடுங்காதீங்க, கட்டரால ஹூக்கை வெட்டிடுங்க, ஒரு ஃப்ளை போனாப் போகுது.

ஃபோட்டோ எடுக்கணும்னா கேமரா ரெடியான பிறகு தான் மீனைத் தூக்கணும். தூக்கறப்போ நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்கோங்க, உங்களுக்கு மூச்சு வேணும்னு தோணினா அதுக்கும் வேணும். ஒரு கை தாடையில, ஒரு கை வயித்துக்கு அடியில, படுக்கை வசமா, செங்குத்தா தொங்க விட்டா அந்த எடை தாங்காம உள்ளுறுப்பு கெடும். எடை பார்க்கத் தராசு வேணாம், தண்ணியிலயே டேப் வச்சு நீளமும், நடு உடம்புச் சுற்றளவும் எடுங்க, நீளத்தைச் சுற்றளவோட பெருக்கி, இன்னொரு தடவை சுற்றளவோட பெருக்கி, 800ஆல வகுத்தா பவுண்டு வரும், 42 இன்ச் நீளம் 18 இன்ச் சுற்றளவுன்னா 17 பவுண்டு. சுவத்துல மாட்டணும்னாலும் அந்த ரெண்டு அளவும் ஒரு ஃபோட்டோவும் போதும், ஃபைபர்கிளாஸ்ல அச்சு அசலா செஞ்சு கொடுக்கறாங்க, கொல்ல வேண்டிய அவசியமே இல்ல.

விடும்போது வாலுக்கு முன்னாடி சன்னமா இருக்கிற இடத்தைப் பிடிச்சு நேரா நிறுத்தி வைங்க, முன்னும் பின்னும் ஆட்ட வேணாம். அது உங்க கையை உதறிட்டுப் போற வரைக்கும் காத்திருங்க, அந்த உதறல் உங்க முழங்கை வரைக்கும் தெரியும்.

கரையில சாப்பாடு, மோசமான நாள்

மதியம் ஏதாவது ஒரு தீவுல இறங்கி கைடு அடுப்பு மூட்டுவார். சாப்பிடறதுக்கு ரெண்டு மூணு பவுண்டு சின்ன ஜாக், இல்லன்னா வால்ஐ மீன். ஜாக்ல Y மாதிரி கிளை விட்ட முள் ஒரு வரிசை இருக்கும், அதை விட்டு விலக்கி அஞ்சு துண்டா எடுக்கத் தெரிஞ்ச கைடு கத்தி போடறதைப் பக்கத்துல நின்னு பாருங்க, சதை வெள்ளையா இனிப்பா இருக்கும். நான் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு கலந்து ஒரு பாட்டில் கொண்டு போவேன், இரும்புச் சட்டியில கொழுப்புல பொரிச்சு எடுத்தா போட்ல எல்லாரும் கேப்பாங்க.

குளிர் முன்னணி (கோல்ட் ஃப்ரண்ட், திடீர்னு உள்ள வர்ற குளிர் காத்து) வந்து, வானம் நீலமா, வடக்குக் காத்து அடிக்கிற நாள் ஒண்ணு நிச்சயம் வரும். குடா ராத்திரியில 14ல இருந்து 9க்கு இறங்கிடும், மீன் தெரியும், ஃப்ளையைத் திரும்பிக் கூடப் பார்க்காது. அன்னிக்குப் பெரிய ஃப்ளையைக் கழட்டிட்டு நாலு இன்ச் கருப்பு பன்னி லீச் கட்டி, மூக்குக்கு முன்னாடி போட்டு சாகிற மாதிரி இறங்க விடுங்க, இல்லன்னா குடா வாசல்ல முதல் ஆழ விளிம்புக்கு இன்டர்மீடியட் லைனோட போங்க, பெருசுங்க அங்க பின்வாங்கி நிக்கும். சாயங்காலம் வெயில் ஏறினா திரும்ப அந்தக் கருப்புச் சேத்து மூலைக்கு.

ராத்திரி கேபினுக்கு வந்ததும் கம்பி முறுக்கியிருக்கான்னு பாருங்க, சுருண்ட கம்பியை நீட்டாதீங்க, வெட்டிப் போட்டுட்டு புதுசு கட்டுங்க. ஹூக் முனையை அரத்துல ரெண்டு இழுப்பு. ஈர ஃப்ளையை டப்பாவுக்குள்ள வைக்காம ஜன்னலோரம் தொங்க விடுங்க, ராத்திரியில துரு பிடிச்சுடும். ஊருக்குத் திரும்பினதும் லைனை லேசான சோப்புத் தண்ணியில கழுவித் துடைங்க, பூட்ஸ், வலை எல்லாம் நல்லா காயற வரைக்கும் வேற ஏரிக்குக் கொண்டு போகாதீங்க. ஒரு சின்ன நோட்டுல ஒவ்வொரு குடாவுக்கும் தேதி, காத்து எந்தப் பக்கம், மணி என்ன, தண்ணி எத்தனை டிகிரி, எத்தனை மீன்னு எழுதி வைங்க, மூணு வருஷத்து நோட்டை வரிசையா வச்சுப் பார்த்துட்டு தான் நான் அடுத்த ஜூனுக்கு எந்த வாரம்னு லாட்ஜுக்கு ஃபோன் பண்றேன்.